கரைசேராத தோணிக்கு மெட்டுப் போட்டவர்

முருகன் துணை

அக்கரப்பத்தனை,
13-2-1955

அன்புள்ள மாப்பிள்ளை மயில்வாகனத்துக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் அக்கா தனலெட்சுமிக்கு மூட்டுவலி. பனி குறைந்தால் வலி குறையும் என்று மருந்துக்காரர் சொன்னார். பனி அவர் சொல்லைக் கேட்பதாகத் தெரியவில்லை. உன் வீட்டிலும் கடையிலும் எல்லோரும் நலம்தானே?

நீ அனுப்பிய ‘ஏழுகடல் நாயகி’ பாட்டுப் புத்தகம் போன மாதமே கிடைத்தது. பரமகுருவின் இசையில் தலைசிறந்தது ‘நந்தவனக் காவலன்’தான் என்று எழுதியிருக்கிறாய். ஜவுளிக்கடைக்காரனுக்கு முதலில் ஜரிகைதான் கண்ணில் படும். குற்றமில்லை. ‘நந்தவனக் காவலன்’ முழுவதும் ஜரிகை. துணியைத் தேடினால் கிடைக்காது.

என் தீர்ப்பு இது. பரமகுரு இதுவரை இசையமைத்த பதினான்கு படங்களில் சிறந்த பாட்டு ‘ஏழுகடல் நாயகி’யின் ஏழாம் பாட்டு, ‘கரைசேராத தோணியடி’. முதல் அடி மேலே ஏறாமல், மழைக்கு ஒதுங்கிய ஆளைப்போல ஒரே இடத்தில் நிற்கிறது. ‘தோணியடி’ என்னும் இடத்தில் மட்டும் ஒரு படி இறங்குகிறது. இறங்கியது பிறகு ஏறுவதே இல்லை. வேறு யாராக இருந்தாலும் கேட்பவர் மனம் ஆறட்டும் என்று ஏற்றிவிட்டிருப்பார்கள். பரமகுரு ஏற்றவில்லை. அங்கேதான் அவர் மேதை.

உங்கள் இரசிகர் மன்றத்தில் இதைச் சொல்லிப் பார். குழந்தைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
செல்லசாமி


சிவமயம்

ஹட்டன்,
21-2-1955

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

முருகன் அருளால் இங்கு எல்லோரும் சுகம். அக்காவுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடாக்கித் தேய்க்க வேண்டுமாம்.

தங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்கு ஒரு சிறு சங்கடம். ‘கரைசேராத தோணியடி’ படத்தில் நகைச்சுவைப் பாட்டு. தடித்த நடிகர் ஒருவர் துணி துவைக்கும் தொட்டியில் உட்கார்ந்து, அகப்பையால் துடுப்புப் போட்டுக்கொண்டு பாடுகிறார். கொட்டகை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் தாங்கள் காரணமில்லாமல் எழுத மாட்டீர்கள் என்று நேற்று மறுபடி போய்ப் பார்த்தேன். ‘தோணியடி’ என்ற இடத்தில் இறங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் நடிகர் தொட்டியிலிருந்து விழுகிறார். தாங்கள் சொல்வது அதைத்தானா? கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது எனக்கும் ஏதோ சோகம் இருப்பதுபோல்தான் பட்டது. பக்கத்தில் இருந்தவர் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அக்காவின் சுகத்துக்கு எழுதவும்.

தங்கள் மைத்துனன்,
மயில்வாகனம்


முருகன் துணை

அக்கரப்பத்தனை,
6-3-1955

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தைலம் கிடைத்தது. உன் அக்கா அதைச் சூடாக்காமலே தேய்க்கிறாள். ஆனாலும் சுகம்.

ஆம், அந்த வீழ்ச்சியைத்தான் சொன்னேன். சிரிப்பவர்கள் விழுந்த ஆளைப் பார்க்கிறார்கள். இசை விழுவதை அவர்கள் கேட்கவில்லை. கூட்டத்துக்குச் சிரிப்பையும், காதுள்ளவனுக்குக் கண்ணீரையும் ஒரே பாட்டில் வைத்தவரை என்னவென்று சொல்வது!

இந்தப் பாட்டின் வலிமைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் கோட்டர்ஸுக்குக் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மாயாண்டி என்று ஒருவன், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்காரன். பெரியவர்களுக்கு நான் முன்பு நடத்திய மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்தான். எந்தப் பாடத்தைக் கொடுத்தாலும் இராகம் போட்டே படித்ததால் வகுப்பை விட்டு அனுப்பிவிட்டேன். அப்பேர்ப்பட்டவன் தினமும் பொழுதுசாய இந்தப் பாட்டைத்தான் பாடுகிறான். லயமே வாயடைத்துக் கேட்கிறது. இரசனையில்லாதவனையும் பாட வைக்கும் மெட்டு அது.

உன்னிடம் சொல்வதற்கென்ன, இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். என் அபிப்பிராயத்தை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. தோட்டத்தில் அபிப்பிராயம் வைத்திருப்பது பெரியதுரை ஒருவர்தான். டவுனில் நாலு பேர் என் கடிதத்தைப் படிக்கிறார்கள் என்று நீ எழுதும்போது, காலையில் மணி அடிக்கப் போகும் நடைகூடச் சற்று மாறித்தான் போகிறது. அந்தப் பெயர் கெடாமல் இருந்தால் போதும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

செல்லசாமி


சிவமயம்

ஹட்டன்,
20-3-1955

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் உடல்நலத்தை இறைவன் காக்க. குறிப்பாகத் தொண்டையை. காரணம் கீழே.

தங்கள் கடிதத்தை மன்றத்தில் வாசித்தேன். மன்றம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ‘நந்தவனக் காவலன்’ கட்சியில் பதினோரு பேர். தங்கள் கட்சியில் ஒன்பது பேர். இந்த ஒன்பது பேரும் நேற்று மூன்றாம் முறையாகப் படத்துக்குப் போய், தொட்டிக் காட்சியில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கொட்டகைக்காரர் என்னைக் கூப்பிட்டு, ‘என்னா மொதலாளி, ஒங்க ஆளுங்களுக்கு என்னா வந்துச்சு?’ என்று விசாரித்தார்.

தலைவர் அழகையா முதலாளி (மளிகை மொத்த வியாபாரம்) விஷயத்தைத் தீர்த்துவிட வேண்டும் என்கிறார். சித்திரையில், ஏப்ரல் 24ஆம் தேதி ஞாயிறு காலை, கூட்டம். தலைப்பு: ‘நகைச்சுவைக்குள் மறைந்த சோகம்.’ பேச்சாளர் தாங்கள். இருநூறு நோட்டீஸ் அடித்தாயிற்று. ஒன்று இத்துடன். தங்கள் பெயருக்கு முன்னால் ‘இசைநுணுக்க வித்தகர்’ என்று போட்டது அச்சுக்கூடத்துக்காரர். நான் தடுக்கவில்லை.

பேச்சு நன்றாக அமைந்தால் தங்களை மன்றத்தின் ஆலோசகராக்கி, மேடையில் நிரந்தரமாக ஒரு நாற்காலி போட இருக்கிறார்கள்.

அக்காவையும் அழைத்து வரவும்.

மயில்வாகனம்


அக்கரப்பத்தனை,
27-3-1955

தம்பி மயிலுக்கு அக்கா எழுதிக்கிறது. நான் நல்லா இருக்கேன். நீயும் புள்ளைகளும் நல்லா இருக்க சாமியக் கும்பிட்டுக்கிறேன்.

இந்தக் கடுதாசி அவருக்குத் தெரியாம எழுதுறேன். நோட்டீசப் பாத்ததிலிருந்து மனுசன் சாப்பிடுற சோத்தக் கவனிக்கிறதில்ல. கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பழகுறாரு. தம்பி, அவரு அந்தப் படத்தப் பாக்கவே இல்ல. எந்தப் படத்தையும் பாத்ததில்ல. கொட்டகையில ஒக்காந்தா வாத்தியாருக்கு மரியாத போயிரும்னு சொல்லுவாரு. ரேடியோ இருக்கிறது பெரிய கிளாக்கர் வீட்ல. அங்க நியூஸ் முடிஞ்சதும் திருகி மூடிருவாங்க. இவரு கேட்டதெல்லாம் கீழ் லயத்து மாயாண்டி பாடினதுதான். லயத்து ஆளுக லாரி புடிச்சு அட்டனுக்குப் படம் பாக்கப் போவுதுல்ல, அங்க கேட்டுட்டு வந்து பாடுறான்னு நெனச்சுக்கிட்டாரு.

நானும் அப்படித்தான் நெனச்சேன். நேத்து மாயாண்டி பொஞ்சாதி வேலாயி மோர் கேக்க வந்தா. ‘ஏன்டி, ஒம் புருசன் எத்தன தடவடி படம் பாத்தான்?’னு கேட்டேன். ‘அவரு எங்கக்கா பாத்தாரு. வாத்தியாரு படிச்சிட்டுப் போடுற பாட்டுப் பொஸ்தகத்த நீங்கதானே எனக்குக் குடுக்குறீங்க. அதுல பாட்டு இருக்கு, மெட்டு இல்ல. அதனால அவரே போட்டுக்கிறாரு’ன்னு சொல்லிட்டு மோர வாங்கிட்டுப் போயிட்டா.

காமன் கூத்துல, புருசன் எரிஞ்சதும் அழுற ரதிக்குப் பாடுற ஆளு அவன். அந்த அழுகதான் வாய்ல வந்திருக்கு.

இத அவர்கிட்ட எப்படிச் சொல்றது? எனக்குத் தைரியம் இல்ல. நீ ஆம்பள, நீ சொல்லு. தைலம் நல்லாக் கேக்குது.

தனலெட்சுமி


ஹட்டன்,
2-4-1955

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் கேட்பது குறித்து மகிழ்ச்சி.

நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கடையை அரை நாள் சாத்திவிட்டேன். அத்தானிடம் சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். இருநூறு நோட்டீஸும் ஒட்டியாகிவிட்டது. அழகையா முதலாளியே நாலு பேரிடம் அந்தப் பாட்டின் சோகத்தை விளக்கிவிட்டார். அவரிடம் போய் ‘அது தொட்டிப் பாட்டுதான்’ என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நானாக இருக்க எனக்கு விருப்பமில்லை. மூன்று முறை டிக்கெட் எடுத்து அழுதவர்களில் நானும் ஒருவன்.

அத்தான் பேசத்தான் போகிறார். பாடச் சொல்லி யார் கேட்கப்போகிறார்கள்? பேச்சோடு முடிந்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. நீயும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி மயில்


சிவமயம்

ஹட்டன்,
1-5-1955

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

பஸ்ஸில் சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? ஒரு வாரமாகத் தங்களிடமிருந்து கடிதம் இல்லை. நானும் எழுதவில்லை. ஆனாலும் மன்றத்தின் செயலாளன் என்ற முறையில் கூட்டக் குறிப்பைத் தங்களுக்கு அனுப்புவது என் கடமை. எழுதியபடியே தருகிறேன்.

‘பேச்சாளர் ஒரு மணி நேரம் பேசினார். சபை அமைதியாகக் கேட்டது. சோகம் இறங்கும் இடத்தைப் பாடிக் காட்டும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். பேச்சாளர் பாடினார். முன்வரிசையில் தலைவரின் சம்சாரம் கண்ணைத் துடைத்தார். எதிர்க்கட்சியினர் கிராமபோனைக் கொண்டு வந்து இசைத்தட்டைப் போட்டனர். தட்டில் இருந்தது வேறு மெட்டு. சபையில் சிறிது சிரிப்பு. தலைவர் சிரிப்பை அடக்கி, “அந்த மெட்ட விட இதுதான் ஒசத்தி. இது யாரு போட்டது மாஸ்டர்?” என்று கேட்டார். பேச்சாளர் தண்ணீர் குடித்தார். பிறகு, “அடியேன்தான்” என்றார். சபை கைதட்டியது.’

குறிப்பில் எழுதாதது ஒன்று உண்டு. முதலில் கைதட்டியவன் நான். அதைப் பற்றித் தங்களுக்கு எழுத வேறெதுவும் தோன்றவில்லை.

ஆர்மோனியக்காரர் மெட்டை அன்றே பிடித்துக்கொண்டார். இனி மன்றம் போகும் திருவிழாக்களில் தங்கள் பெயரைச் சொல்லிப் பாடுவதாக ஏற்பாடு. நாற்காலிக்குப் பணம் கட்டியாயிற்று. 15ஆம் தேதி ஞாயிறன்று தலைவர் உட்படப் பத்துப் பேர், மெட்டுப் பிறந்த வீட்டைப் பார்க்க அக்கரப்பத்தனை வருகிறோம்.

மயில்வாகனம்


முருகன் துணை

அக்கரப்பத்தனை,
5-5-1955

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம். பஸ் லிந்துலையில் ஒரு மணி நேரம் நின்றது. டயர் கோளாறு. மழை தொடங்கிவிட்டது. கூரைத் தகரத்தில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. தகரம் மாற்றும்படி தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

15ஆம் தேதி வர வேண்டாம். தோட்டத்தில் அம்மை போட்டிருக்கிறது. பரவாமல் பார்ப்பது நம் பொறுப்பு.

கூட்டக் குறிப்பு கிடைத்தது. எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

செல்லசாமி


அக்கரப்பத்தனை,
19-6-1955

தம்பி மயிலுக்கு அக்கா எழுதிக்கிறது. எல்லாரும் நல்லா இருக்கீங்களா? இங்க அம்மையும் இல்ல ஒண்ணும் இல்ல. ஏன் நீங்க வரலன்னு இவருகிட்ட கேட்டேன், கொடைய எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டாரு.

நடந்ததச் சொல்லணும். போன மாசம் இவரு, மலையில வேல வாங்குற கண்டாக்கையாகிட்ட, லயத்துல பொழுதுசாயப் பாட்டுச் சத்தம் பள்ளிக்கூட வேலைக்கு எடஞ்சலா இருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்காரு. மறுநாள் பெரட்டுக் களத்துல, எல்லாரும் வேலைக்குப் பேர் குடுக்க நிக்கிறப்ப, கண்டாக்கையா மாயாண்டியக் கூப்பிட்டு, ‘என்னா பாகவதரே, இனி கச்சேரி கிச்சேரி நடந்துச்சுன்னா மலைக்கு வராத’ன்னு சொல்லிட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்களாம். பொழுதுசாயற நேரத்துல எந்தப் பள்ளிக்கூடம் தம்பி நடக்குது?

மாயாண்டி பத்துச்சீட்டு வாங்கிட்டான். அந்தச் சீட்டு இல்லாம அடுத்த தோட்டத்துல பேர் பதிய மாட்டாங்களே. வலப்பனைப் பக்கம் அவன் அண்ணன் இருக்கிற தோட்டத்துக்குக் குடும்பத்தோட போயிட்டான். போறதுக்கு முன்னாடி சொல்லிக்க வந்தான். ‘ஐயா எழுத்துச் சொல்லிக் குடுத்தாரு, கும்புட்டுட்டுப் போறேன்’னு வாசல்ல நின்னான். இவரு உள்ள கட்டில்ல ஒக்காந்திருந்தாரு. ‘இல்லேன்னு சொல்லு’ன்னு கை காட்டினாரு. நான் இல்லேன்னு சொன்னேன். அவன் செருப்பப் பாத்தான். வாசல்ல இவரு செருப்புக் கெடந்துச்சு. ‘சரிங்கம்மா’ன்னு சொல்லிட்டு, கதவப் பாத்துக் கும்புட்டுட்டுப் போனான்.

இப்ப பொழுதுசாஞ்சா லயத்துல சத்தமே இல்ல. இவரு ஜன்னல்ல ஒக்காந்துக்கிட்டே இருக்காரு.

தனலெட்சுமி


வலப்பனை,
21-8-1955

சாமி தொணை

வாத்தியார் ஐயா அவுங்களுக்கு மாயாண்டி கும்புட்டு எழுதிக்கிறது. ஐயாவும் அம்மாவும் சொகமா? நாங்க சொகம். எழுத்துத் தப்பா இருந்தா ஐயா மன்னிக்கணும்.

ஐயாவுக்கு ஒரு சந்தோச சங்கதி. இங்க ஆடித் திருநாவுக்கு அட்டன்லருந்து பாட்டுக்காரங்க வந்தாங்க. கரைசேராத தோணியடி பாடினாங்க. ஐயா, நான் பாடுற அதே மெட்டு. ஒரு எடங்கூட மாறல. இது அக்கரப்பத்தன செல்லசாமி மாஸ்டர் மெட்டுன்னு மைக்குல சொன்னாங்க.

எனக்கு ரொம்ப நாளா ஒரு பயம் ஐயா. பொஸ்தகத்துல மெட்டு இல்லாததால நானாப் போட்டுப் பாடுனேன். தப்பாப் பாடுறனோ, அதனாலதான் பெரட்டுல அப்படிச் சொன்னாங்களோன்னு நெனச்சேன். இப்ப ஐயாவுக்குத் தெரிஞ்ச மெட்டும் அதேதான்னு தெரிஞ்சுபோச்சு. ஐயாவுக்குத் தப்பாத் தெரியாது. அப்ப நான் பாடுனது சரிதான். வேலாயிகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறேன். அண்ணன் லயத்துல இப்ப தெனம் பாடச் சொல்றாங்க.

புதுப் பாட்டுப் பொஸ்தகம் இருந்தா அனுப்பணும்.

மாயாண்டி


முருகன் துணை

அக்கரப்பத்தனை,
25-9-1955

மாயாண்டிக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒரு மாதம் ஆகிறது. நாங்கள் சுகம். வேலாயியின் சுகத்தை அம்மா கேட்டாள். உன் எழுத்தில் பிழைகள் குறைவு.

உன்னிடம் ஒரு விஷயத்தை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன். மைக்கில் சொன்னது சரியல்ல. அது என் மெட்டு அன்று. அப்படி ஒரு பேச்சு வந்ததற்கு நானும் ஒரு வகையில் காரணம்.

பிரஸ்தாபப் படம் ஹட்டனில் மறுபடி ஓடுகிறது. போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். பரமகுரு போட்டது வேடிக்கைப் பாட்டு. வேடிக்கைக்கு அது மிகப் பொருத்தம். எல்லோரும் சிரித்தார்கள். நீ பாடுவதற்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இதை நான் முன்னமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது பிழை.

இதிலிருந்து நீ அறிய வேண்டியதை அறிந்துகொள்வாய் என்று நம்புகிறேன். மேற்கொண்டு விளக்குவது என்னால் இயலவில்லை.

பாட்டுப் புத்தகம் மூன்று அனுப்பியிருக்கிறேன்.

செல்லசாமி


வலப்பனை,
16-10-1955

சாமி தொணை

வாத்தியார் ஐயா அவுங்களுக்கு மாயாண்டி கும்புட்டு எழுதிக்கிறது. ஐயா, அம்மா சொகத்துக்கு எழுதணும். வேலாயிக்குக் காச்சல் வந்து இப்பத் தேவல.

ஐயா கடுதாசிய எழுத்துக் கூட்டி நாலு தடவ படிச்சேன். நல்லா வெளங்கிருச்சு. படத்து மெட்டு வேற, நான் பாடுனது தப்பு மெட்டு. ஐயா பெரிய மனுசன், தப்பத் தப்புன்னு நேராச் சொல்லிட்டீங்க. ஐயா பேரச் சொல்லித் தப்பு மெட்ட மைக்குல பாடுனதுக்கு என்னோட பாட்டுத்தான் காரணமா இருக்கும். யாரோ லயத்துல கேட்டுட்டுப் போயி ஐயா மேல போட்டுட்டாங்க.

அந்தப் பாட்ட நிறுத்திட்டேன் ஐயா. இங்க கேக்குறவங்ககிட்ட அது தப்புன்னு சொல்லிட்டேன். பொஸ்தகம் மூணும் பத்திரமா வச்சிருக்கேன், இன்னும் பாடல. ஐயா அட்டனுக்குப் போறப்ப சரியான மெட்டக் கேட்டுட்டு வந்து சொல்லிக் குடுத்தீங்கன்னா படிச்சுக்குவேன்.

பொஸ்தகத்துப் பாட்டு எல்லாத்தையும் இப்படித்தானே இத்தன வருசமா அத்தன பேரு முன்னால தப்பாப் பாடிட்டோம்னு நெனச்சா வெளிய தல காட்ட வெக்கமா இருக்கு ஐயா.

மாயாண்டி